மடக்குக் கத்தியின் உபரி பிளேடு: விற்பதா, வைத்துக்கொள்வதா?

மடக்குக் கத்தி விரும்பிகள் பலரிடம் கைப்பிடி இல்லாத தனி பிளேடு ஒன்று இருக்கும். வேறு உருக்கில் செய்த பிளேடு கிடைத்ததும் பழையதைக் கழற்றி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் எப்போதாவது உதவும் என்று வெளிநாட்டிலிருந்து கூடுதலாக ஒன்று வரவழைத்திருப்பார்கள். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் கேள்வி வரும்: இதை விற்றுக் காசாக்கலாமா, இருக்கட்டுமா?

பெரும்பாலோர் விலையிலிருந்து யோசிக்கிறார்கள். இன்று என்ன கிடைக்கும், அடுத்த ஆண்டு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். நான் பொருத்தத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். தனி பிளேடு பாதிப் பொருள்தான். உங்கள் கைப்பிடியில் அது ஒழுங்காக உட்கார்ந்து பூட்டினால் ஒரு மதிப்பு, உட்காரவில்லை என்றால் வேறு மதிப்பு. அதைப் பார்க்காமல் எடுக்கும் எந்த முடிவும் ஊகம்தான். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். பாதியிலேயே பதில் கிடைத்துவிட்டால் மிச்சத்தை விட்டுவிடலாம்.

படி 1: கையில் இருப்பது என்ன என்று உறுதிசெய்யுங்கள்

பிளேடை மென்துணியால் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கைப்பிடிக்கு அருகில் வரும் தட்டையான பகுதியில் தயாரிப்பாளர் முத்திரையும் உருக்கின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பரை எடுத்து முதுகின் தடிமன், பிவட் (பிளேடு சுழலும் அச்சு) துளையின் விட்டம், மொத்த நீளம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். விற்பதானாலும் வைப்பதானாலும் இந்த எண்கள் வேண்டும்.

அப்புறம், அந்த மாடல் பிளேடு மாற்றுவதற்கென்று வடிவமைக்கப்பட்டதா என்று பாருங்கள். ஹிண்டரர் எக்ஸ்எம்-18 கத்திக்குத் தயாரிப்பாளரே வெவ்வேறு வடிவங்களில் தனி பிளேடு விற்கிறார். அங்கே உபரி பிளேடு என்பது முழு அர்த்தமுள்ள பொருள். ஓப்பினல், விக்டோரினாக்ஸ் போன்றவை ரிவெட் அடித்தவை. அவற்றிலிருந்து பிரிந்த பிளேடை வீட்டில் திரும்பப் பொருத்த முடியாது, அதனால் தனியாக விற்க ஏறக்குறைய சந்தையே இல்லை.

இடையில் ஒரு வகை உண்டு, அதில்தான் குழப்பம் அதிகம். திருகைக் கழற்றினால் பிளேடு வந்துவிடும், ஆனால் ஒவ்வொரு பிளேடும் அதன் கைப்பிடிக்கென்றே இழைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா இப்படிப்பட்டது. செபென்சா 21இல், திறந்த பிளேடு மடங்காமல் பிடிக்கும் டைட்டானியம் பூட்டுத் தகடு நேரடியாகப் பிளேடின் அடியைத் தாங்கும். செபென்சா 31இல் அந்த இடத்தில் பீங்கான் உருண்டை ஒன்று வந்துவிட்டது. பெயர் ஒன்று, பூட்டும் விதம் வேறு. இப்படிப்பட்ட பிளேடை வாங்குபவருக்கு அது பொருந்தும் என்று நீங்கள் உறுதி தர முடியாது. தராமல் விற்றால் விலை இறங்கும்.

படி 2: கைப்பிடியில் மாட்டிப் பாருங்கள்

உங்களிடம் அதற்கான கைப்பிடி இல்லை என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். அந்த நிலையில் விற்பதுதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கைப்பிடி இருப்பவர்கள் இங்கே நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் முடிவு இங்கேதான் பிறக்கும்.

முதலில் உத்தரவாத அட்டையைப் படியுங்கள். கத்தியைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அது உங்களுக்குப் பரவாயில்லை என்றால் தொடருங்கள். சரியான அளவு டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) திருப்புளி முனை வேண்டும், பொதுவாக டி6, டி8, டி10. அளவு சரியில்லாத முனையால் திருகினால் திருகின் தலை தேய்ந்துவிடும். அதன்பின் எல்லாமே கஷ்டம். இரண்டு பிளேடுகளின் கூர் வாயிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள முயல வேண்டாம். தட்டு ஒன்றில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்தால் சிறு திருகு உருண்டு ஓடாது.

உபரி பிளேடை மாட்டி, பிவட் திருகை இறுக்கி, பிளேடு தடையில்லாமல் அசையும்வரை சற்றே தளர்த்துங்கள். இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மூடிய நிலையில் பிளேடு கைப்பிடியின் இரு தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா? கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பெரிய குறையில்லை, ஆனால் தகட்டில் உரசக்கூடாது. முனை முழுவதும் உள்ளே மறைகிறதா? கூர் வாய் உள்ளே இருக்கும் ஊசியிலோ முதுகுத் தகட்டிலோ இடிக்கிறதா? இடித்தால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் மழுங்கும்.

திறந்த நிலையில் பிளேடைப் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் மெல்ல அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் பிவட்டை இறுக்கினால் போய்விடும். மேல்கீழ் ஆட்டம் போகாது, அது பூட்டும் பிளேடும் சேரவில்லை என்பதற்கு அடையாளம். தகட்டுப் பூட்டுக் கத்தியானால் பூட்டுத் தகடு பிளேடின் அடிப்பகுதியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று பாருங்கள். அகலத்தில் 30 முதல் 50 விழுக்காடு வரை ஏறியிருந்தால் மனநிறைவு. விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் நழுவும், விரல்கள் இருக்கும் பக்கம் மடங்கும். மறுகோடி வரை போயிருந்தால் தேய்வதற்கு இடமே மிச்சமில்லை. பூட்டைச் சோதிக்க, விரல்களை மடங்கும் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு உள்ளங்கையால் முதுகை அழுத்துங்கள், போதும். மேசை விளிம்பில் முதுகை ஓங்கித் தட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல பூட்டையும் கெடுக்கும்.

கடைசியாக, மூடிய கத்தியைப் பிளேடு வெளியே வரும் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து லேசாகக் குலுக்குங்கள். தானாகத் திறந்தால், மூடிய பிளேடைப் பிடித்துவைக்கப் பூட்டுத் தகட்டில் உள்ள சிறு உருண்டையும் பிளேடில் உள்ள குழியும் ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட கத்தியைப் பையில் போடவே கூடாது.

பொருந்தாவிட்டால் அரத்தை எடுத்து அடிப்பகுதியை ராவ ஆரம்பிக்காதீர்கள். ஒரு மயிரிழை அதிகம் போனால் பிளேடு உங்களுக்கும் உதவாது, வாங்குபவருக்கும் உதவாது. பொருந்தவில்லை என்பதே ஒரு பதில்தான்: விற்றுவிடுங்கள்.

பொருந்தினால் உடனே கழற்றாதீர்கள். சில வாரங்கள் வீட்டு வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். அட்டைப்பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க, எதற்கானாலும் சரி. பழைய பிளேடுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை என்றால், விற்க வேண்டியது இழுப்பறையில் இருந்தது அல்ல, இத்தனை நாள் கைப்பிடியில் இருந்ததுதான். இந்தக் கோணத்தில் யோசிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘உபரி’ எது என்பதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

படி 3: உருக்கும் நம் ஊர்க் காற்றும்

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். அமெரிக்காவின் வறண்ட மாநிலத்தில் இருப்பவர் “பத்து வருஷம் இழுப்பறையில் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்வதை நம்பி இங்கே ஒரு பிளேடைப் போட்டுவைக்க முடியாது.

குரோமியம் அதிகம் இருந்தால் துருப்பிடிக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. உருக்கில் உள்ள கார்பன் குரோமியத்தின் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு கடினமான கார்பைடு துகள்களாகிவிடும். அப்படிப் போன குரோமியம் துருவைத் தடுக்க உதவாது, கார்பைடாகாமல் உருக்கில் கரைந்து மிஞ்சியிருப்பதுதான் உதவும். டி2 உருக்கில் குரோமியம் சுமார் 12 விழுக்காடு, கார்பன் சுமார் 1.5 விழுக்காடு. எண்ணைப் பார்த்தால் துருப்பிடிக்காத உருக்கு போலத் தெரியும், ஆனால் இங்கே கவனிக்காமல் விட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021இல் வெளிவந்த மேக்னாகட் என்ற உருக்கில் குரோமியம் 10.7 விழுக்காடுதான். இருந்தும் டி2வைவிடப் பல மடங்கு நன்றாகத் துருவைத் தாங்குகிறது. குரோமியம் கார்பைடு உருவாகாதபடி அதன் கலவை அமைக்கப்பட்டிருப்பதே காரணம்.

ஆகவே உங்கள் பிளேடு எந்த ரகம் என்று பாருங்கள். எச்1, எல்சி200என் போன்ற நைட்ரஜன் உருக்குகள் உப்புத் தண்ணீரையே தாங்கும். பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுபவர்களுக்கு இவை பொன்போன்றவை. அப்படிப்பட்ட ஒன்று உங்களிடம் உபரியாக இருந்து, நீங்களும் கடலோரம் போகிறவர் என்றால் விற்காதீர்கள். மேக்னாகட், எம்390, எஸ்35விஎன் ஆகியவை சாதாரணப் பராமரிப்பில் நன்றாகவே இருக்கும். எம்4, கே390, 52100, சாதாரணக் கார்பன் உருக்கு ஆகியவை இங்கே தொடர்ந்து எண்ணெய் கேட்கும். வெட்டுவதில் அபாரமானவைதான். ஆனால் தொடாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஆண்டுதோறும் மதிப்பு இறங்கும். கவனிக்க நேரமில்லாதவர் இந்த வகையைச் சீக்கிரமே விற்றுவிடுவது நல்லது.

சாணை பிடிப்பதையும் யோசியுங்கள். வனேடியம் அதிகமுள்ள உருக்குகளுக்குச் சாதாரணக் கல் போதாது, வைரத் துகள் பதித்த கல் வேண்டும். அது உங்களிடம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் அந்தப் பிளேடு கூர் போன நாளிலிருந்து வெறும் தகடுதான்.

‘இனி இந்த உருக்கு கிடைக்காது’ என்ற பேச்சைக் கேட்டு மட்டும் முடிவெடுக்க வேண்டாம். பல புகழ்பெற்ற கத்தி உருக்குகளைத் தயாரித்த அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் 2024 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. அப்படிப்பட்ட செய்தி வந்ததும் கையில் உள்ளதை இறுகப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அதே தரத்தில் வேறு உருக்குகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. உருக்கு அரிதாவதைவிட உங்கள் மாடலுக்கான பிளேடு அரிதாவதுதான் முக்கியம். அந்த மாடலை இன்னும் தயாரிக்கிறார்களா என்று பாருங்கள். நிறுத்திவிட்டார்கள், கைப்பிடி உங்களிடம் இருக்கிறது, பிளேடும் பொருந்துகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: உண்மையில் தேவை வருமா?

வீட்டு உபயோகத்தில் ஒரு பிளேடு தேய்ந்து தீர்வது அபூர்வம். பல ஆண்டுகள் சாணை பிடித்தாலும் தாங்கும். மாற்று பிளேடு தேவைப்படுவது பெரும்பாலும் முனை உடையும்போதுதான். சிறு முனை முறிவைச் சாணைக்காரரே சரிசெய்துவிடுவார். கப்பல் பட்டறை, மின்கம்பி வேலை, மீன்பிடி என்று தினமும் கத்தி எடுப்பவர்களின் கதை வேறு. அவர்கள் ஒன்றைக் கையிருப்பில் வைப்பது நியாயம்.

படி 5: வெள்ளிக் கணக்கு

விற்றால் என்ன கிடைக்கும் என்பதோடு, பிறகு மனம் மாறித் திரும்ப வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: வெளிநாட்டில் பிளேடு விலை 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அனுப்பும் செலவு 25 வெள்ளி, ஆக 115. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 10.35. மொத்தம் 125.35 வெள்ளி. 2023 தொடக்கத்திலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிகளுக்கும், இங்கே வரிக்குப் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் இந்த வரியை வசூலிக்கிறார்கள். அதனால் சின்னப் பொருள்தானே என்று வரியை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். இங்கே உங்களுக்கு 60 வெள்ளி தர ஒருவர் முன்வந்தால், விற்றுவிட்டுப் பிறகு வருந்துவதன் விலை 65.35 வெள்ளி. திரும்ப வாங்கத் தோன்றவே தோன்றாது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் 60 வெள்ளி லாபம்.

சந்தை விலையைப் பார்க்கும்போது ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். தொழிற்சாலைக் கூர் அப்படியே இருப்பது, பெட்டியும் சீட்டும் இருப்பது இரண்டும் விலையைத் தூக்கும். முழுக் கத்தியையே ஒருநாள் விற்கப் போவதாக இருந்தால் உபரி பிளேடையும் அதோடு சேர்த்தே கொடுங்கள். தனித்தனியாக விற்றால் கூட்டிப் பார்க்கும்போது கொஞ்சம் அதிகம் வரலாம். ஆனால் அந்தப் பிளேடு பொருந்தும் என்று சோதித்துப் பார்த்த ஒரே கைப்பிடியிலிருந்து அதைப் பிரித்துவிடுகிறீர்கள்.

படி 6: சட்டம்

இதை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். சிங்கப்பூரில் தகுந்த சட்டபூர்வக் காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதமாகப் பயன்படக்கூடிய பொருளை வைத்திருப்பது குற்றம். சிறைத் தண்டனையும் பிரம்படியும் வரக்கூடிய குற்றம். கைப்பிடி இல்லை, அதனால் அது கத்தி அல்ல என்ற வாதத்தை நம்பிப் பையில் போட்டுக்கொண்டு சுற்றக்கூடாது. கூரான உருக்குத் துண்டு காயப்படுத்தும், சட்டம் அதைத்தான் பார்க்கும்.

பொத்தானை அழுத்தியதும் ஸ்பிரிங் விசையால் பாய்ந்து திறக்கும் கத்தி, மணிக்கட்டை உதறினால் வெளியே விழும் கத்தி ஆகியவற்றின் பாகங்கள் உங்களிடம் இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கு அல்ல. விற்கவோ வரவழைக்கவோ முயலாமல், முதலில் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் கேளுங்கள்.

விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது. ஊருக்குப் போகும்போது தம்பிக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துச் செல்பவர்கள், போய் இறங்கும் நாட்டின் சட்டத்தையும் பார்த்துவிட்டு, சரக்குப் பெட்டியில் நன்றாகச் சுற்றி வையுங்கள்.

படி 7: விற்பதென்று முடிவானால்

ஒரு காலத்தில் இதுபோன்ற பொருளைச் சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தையில் பாய் விரித்து விற்றிருக்கலாம். அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. இன்று எல்லாம் கைத்தொலைபேசி வழியேதான். எந்தத் தளமானாலும் கத்திகள் பற்றிய அதன் விதிகளைப் படித்துவிட்டுப் பட்டியலிடுங்கள்.

படங்கள்தான் விற்கும். இரண்டு பக்கமும், முதுகு, பிவட் துளை, பூட்டு வந்து தொடும் இடம், காலிப்பர் வைத்து அளவு தெரியும்படி ஒன்று, கூர் வாயில் வெளிச்சம் விழும்படி ஒன்று. கீறல், துருப்புள்ளி, முனைக் குறை எதையும் மறைக்காதீர்கள். எந்த மாடல், முடிந்தால் எந்த ஆண்டுக் கைப்பிடியில் பொருந்தியது, எந்தப் பிவட் விட்டம், சாணை பிடித்ததா இல்லையா என்று எழுதுங்கள். “என் கைப்பிடியில் மேல்கீழ் ஆட்டமில்லாமல் பூட்டுகிறது” என்று எழுத முடிந்தால் வாங்குபவரின் பாதித் தயக்கம் போய்விடும். நீங்கள் இரண்டாம் படியைச் செய்ததன் பலன் இது. அதோடு, “உங்கள் கைப்பிடியில் பொருந்துவதற்கு உத்தரவாதம் இல்லை” என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கைமாற்றும் இடம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் எதை வாங்கினாலும் விற்றாலும் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் கட்டண வாயிலில் சந்திப்பது பழக்கம். பிளேடுக்கு அது வேண்டவே வேண்டாம். நிலையங்களில் பைகளைச் சோதிக்கிறார்கள், சோதிக்காவிட்டாலும் அது பொது இடம். கூரியர் மூலம் அனுப்புவதே நல்லது. கூர்மையான பொருளை ஏற்பார்களா என்று அந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தெரிந்தவர் ஒருவருக்கு வீட்டில் வைத்துக் கொடுங்கள். வயது குறைந்த பையன் என்று தோன்றினால், எவ்வளவு விலை சொன்னாலும் கொடுக்காதீர்கள். ஒரு பிளேடு விற்காமல் போனால் ஒன்றும் கெட்டுவிடாது.

கட்டும்போது கூர் வாய்க்கு இரட்டை அட்டை உறை, அதைச் சுற்றி டேப், கெட்டியான சிறு பெட்டி, பெட்டிக்குள் ஆடாதபடி திணிப்பு. பிரிக்கும் கை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வெட்டக்கூடாது.

படி 8: வைத்துக்கொள்வதென்று முடிவானால்

கைரேகையைத் துடையுங்கள். வியர்வை உப்பில்தான் துரு தொடங்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் பாரஃபின் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ மெல்லிய படலமாகப் பூசுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் உருக்கை அரிக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இப்படிப்பட்ட பொருளெல்லாம் பாம் ஷெல்டர் எனப்படும் பாதுகாப்பு அறைக்குத்தான் போகும். கதவை மூடியே வைத்தால் அங்கே காற்றோட்டம் குறைவு, ஈரம் தங்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கேமராவுக்கென்று டிரை கேபினட் வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை, 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் அதன் ஒரு மூலையில் கிடக்கட்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டு போட்ட இடம். எல்லாத் திருகு, வாஷர்களையும் அளவு எழுதிய சீட்டோடு அதே டப்பாவில் போடுங்கள். ஆயுத பூசைக்குக் கருவிகளைத் துடைத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, ஆனால் கார்பன் உருக்குக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்துத் துடைத்து மறுபடி எண்ணெய் பூசுங்கள்.

விற்கவும் முடியவில்லை, வைக்கவும் வேண்டாம் என்றால்

முறிந்ததும் துருவேறியதும் யாருக்கும் உதவாது. கூர் வாயை ஒரு பழைய கல்லில் தேய்த்து மழுக்குங்கள், அட்டையில் சுற்றி டேப் ஒட்டுங்கள், மேலே ‘கூர்மையான இரும்பு’ என்று ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பிறகு பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் மற்ற இரும்புச் சாமான்களோடு சேர்த்து, அது என்ன என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். குப்பைக் குழாயில் வெறுமனே போட்டுவிடாதீர்கள், கீழே அந்தப் பையைக் கையால் தூக்குபவர் ஒரு துப்புரவு ஊழியர்.